வலக்காதுத் தோடு

எனக்கு ஒரு காதுதான் கேட்கும். வலக்காது. இடக்காது யாழ்ப்பாணத்திலேயே போய்விட்டது. பக்கத்து வளவுக்குள் ஷெல் விழுந்தது, காதால் இரத்தம் வந்தது, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இதைப் பெரிய கதையாக்க எனக்கு விருப்பமில்லை. ரொறன்ரோவில் இதைச் சொன்னால் வெள்ளைக்காரர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு அனுதாபப்படுவார்கள். எங்கள் ஆட்கள் தங்கள் வளவில் விழுந்த ஷெல்லைப் பற்றித் தொடங்குவார்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். மிச்சமிருக்கிற காதைக் காப்பாற்ற வேண்டும். எப்போதும் எனக்கு அந்த ஒரு யோசனைதான்.

அப்படிப்பட்ட நான் துவக்குச் சுடப் பழகப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மிசிசாகாவில், விமானநிலையத்துக்குக் கிட்ட ஒரு கந்தோர்க் கட்டடத்தில் காவல் வேலை செய்துகொண்டிருந்தேன். வாசலில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் நான். வருகிறவர்கள் மேசையையும் என்னையும் ஒரே மாதிரித்தான் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வங்கி இருந்தது. அதற்குக் காசு கொண்டுவரும் கவச லொறியில் ஒரு தமிழர் வருவார். மட்டக்களப்புக்காரர். இடுப்பில் துவக்கு, கையில் பை. நான் தமிழ்ப்பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து போகும்போதும் வரும்போதும் நின்று கதைப்பார்.

“எங்கட கொம்பனியில ஆள் எடுக்கிறாங்க புள்ள,” என்றார் ஒருநாள். “பொம்புளயளும் எடுக்கிறாங்க. இந்த மேசைக்குப் பின்னால குந்தியிருந்து என்னத்தக் காணப் போறீங்க?”

லிஃப்டுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் அப்படித்தான், எதைச் சொன்னாலும் ஊருக்கே கேட்கும். பிறப்பிலேயே பெரிய தொண்டை என்று நினைத்திருந்தேன்.

நான் உடனே ஓம் என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மில்லிக்கனில் என் கணவரின் அக்கா வீட்டு பேஸ்மென்றில் இருந்தேன். அந்த அக்காவை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுசி, ஆனால் வீடு அவவுடையது, அடுப்பு அவவுடையது, ரெலிபோன் அவவுடைய குசினிச் சுவரில் இருந்தது. என் கணவருக்கு நான் ஸ்பொன்சர் செய்திருந்தேன். விசாவுக்குக் கொழும்பில் அவருக்கு இன்ரவியூ. அவர் இருந்ததோ யாழ்ப்பாணத்தில். அங்கே போனும் இல்லை, கரன்ரும் இல்லை. கடலேரியைப் படகில் தாண்டி வந்து, வவுனியாவால் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து போன் எடுப்பதாகக் கடிதம் வந்தது. அந்தக் கடிதமே வந்து சேரக் கனகாலம் எடுத்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தக் கடலேரியில் படகுகளுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று தமிழ் வானொலியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மச்சாள் கேட்டுவிட்டு வானொலியை நிற்பாட்டுவா. நான் திரும்பப் போடுவேன்.

அவர் வந்து இறங்கினால் எங்களுக்கென்று ஒரு கதவு வேண்டும், அதைப் பூட்ட எங்கள் திறப்பு வேண்டும். அந்த மேசைச் சம்பளத்தில் அது நடக்காது. ஆகவே துவக்கு.

கொம்பனி அனுப்பிய டொக்ரரிடம் இடக்காதைப் பற்றிச் சொன்னேன். மறைக்க முடியாது, மறைக்கவும் எனக்கு வராது. வலக்காதைச் சோதித்தார். நல்ல காது, வேலைக்கு இது போதும் என்று கையெழுத்துப் போட்டார். பிறகு பேனையை மூடிக்கொண்டு சொன்னார்: “கார் ரயர் மாதிரி இல்லை. உனக்கு ஸ்பெயார் கிடையாது. சுடப் போகும்போது காதுக்கு என்ன போடுகிறாய் என்பதை யோசித்துப் போடு.”

என்ன போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. டொக்ரர்மார் அப்படித்தான்.

மட்டக்களப்பு அண்ணையிடம் கேட்டேன். முதல் சனிக்கிழமை தன் காரில் என்னைச் சுடப் பழக்கும் ரேஞ்சுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டவரும் அவர்தான். முதல் சனி பழக்கம், இரண்டாம் சனி சோதனை. சோதனையில் தவறினால் வேலை இல்லை.

“காதுக்கு என்ன அண்ணை போடுறனீங்கள்?”

“பஞ்சு,” என்றார். காருக்குள் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. “நல்லா உருட்டி, கொஞ்சம் எண்ண தொட்டு, அமத்தி வெச்சாக் காணும் புள்ள. அவனுகள் தாறத மேலால போடுங்க, சட்டத்துக்கு. நான் வந்த நாளில இருந்து பஞ்சுதான். என்ர காதுக்கு ஒண்டும் செய்யல்ல.”

“பாட்டைக் கொஞ்சம் குறையுங்கோ அண்ணை.”

“என்ன?”

“பாட்டு!”

“ஓம், நல்ல பாட்டு,” என்றார்.

அந்த இடத்தில் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. கையில் பஞ்சும் கொண்டுவந்திருந்தார், சின்னப் போத்தலில் நல்லெண்ணெயும். குளிருக்கு எங்கள் சனம் முழுக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற காலம் அது. காதுக்கு வருத்தம் என்றால் பஞ்சு, பனி என்றால் பஞ்சு, இரைச்சல் என்றாலும் பஞ்சு. எனக்கும் அது பிழையாகப் படவில்லை.

ரேஞ்ச் என்பது கார் திருத்தும் கடைகளுக்குப் பின்னால் யன்னல் இல்லாத ஒரு நீளக் கட்டடம். முன்னுக்கு ஒரு கவுண்டர். அதற்குப் பின்னால் இரட்டைக் கதவு, அதற்கும் அப்பால் சுடும் இடம். வகுப்பெடுத்தவன் ஒரு பழைய பட்டாளத்துக்காரன். வெள்ளை மீசை, பெரிய வயிறு, யாரையும் முழுதாகப் பார்க்காத கண். பழக வந்தவர்களில் பெண் நான் ஒருத்தி, தமிழும் நான் ஒருத்தி.

“எங்கேயிருந்து வந்தாய்?”

“இலங்கை.”

“ஓ. அப்படியென்றால் இந்தச் சத்தமெல்லாம் உனக்குப் பழக்கம்.”

பழகுவதற்கு அது என்ன பியானோவா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வேலை வேண்டும்.

கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கூடை. அதற்குள் இயர்மஃப். தலைக்கு மேலால் வளைந்து வந்து இரண்டு காதையும் கோப்பை கவிழ்த்த மாதிரி மூடுகிற சாமான். “எடுத்துப் போடுங்கள்” என்றான் பட்டாளத்துக்காரன். அவ்வளவுதான் பாடம். துவக்கை எப்படிப் பிடிப்பது, எப்படி வைப்பது, விரலை எங்கே வைப்பது என்று காலை முழுக்கப் படிப்பித்தவன், காதைப் பற்றி அந்த ஒரு வசனத்தோடு விட்டான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

ஆம்பிளைப் பிள்ளைகள் மெல்லிய கோப்பை உள்ளதாகப் பார்த்து அள்ளினார்கள். பார்க்க வடிவு. நான் கூடையைக் கிண்டி ஆகப் பருமனானதை எடுத்தேன். கோப்பையின் விளிம்பில் இருந்த மெத்தை காய்ந்து, பழைய செருப்பின் அடி போல வெடித்திருந்தது. வேறு பருமனானது இல்லை. அண்ணையின் எண்ணெய்ப் பஞ்சை வலக்காதுக்குள் அமத்தினேன். இடக்காதுக்கு எதற்கு என்று விட்டேன். மேலால் இயர்மஃபைப் போட்டேன்.

போட்ட உடனேயே நொந்தது. என் காதில் தோடு. கலியாணத்துக்குப் போட்ட கல்லுத் தோடு, பின்னால் திருகிப் பூட்டுகிற சுரை. கோப்பையின் விளிம்பு சரியாகக் காதுச்சோணையில் வந்து குந்தியது. முன்னால் கல் அமர்ந்தது, பின்னால் சுரை எலும்பில் குத்தியது. பொறுக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. கோப்பையைக் கொஞ்சம் பின்னுக்குச் சரித்துவிட்டேன். குத்து நின்றது. அதோடு சரி என்று உள்ளே போனேன்.

சத்தத்தைப் பற்றி என்ன சொல்ல. வெளியில் வெடிக்கிற துவக்குச் சத்தம் ஆகாயத்துக்குப் போகும். அந்தக் கட்டடத்துக்குள் அதற்குப் போக இடமில்லை. சுவரில் அடித்து, கூரையில் அடித்து, திரும்பி எங்களிடமே வருகிறது. நான் சுடும்போது எனக்குத் தெரியும், பல்லைக் கடித்துக்கொள்வேன். பக்கத்தில் நிற்கிறவன் எப்போது சுடுவான் என்று தெரியாது. எனக்கு வலப்பக்கம் நின்றவன் ஒரு தடியன். அவன் துவக்கிலிருந்து வருகிற அடி தடுப்புப் பலகையைச் சுற்றி வந்து நேரே என் வலக்காதில் விழுந்தது. ஒவ்வொரு வெடிக்கும் காதுக்குள் ஒரு கம்பியை இழுத்துவிட்ட மாதிரி.

இதற்குள் பட்டாளத்துக்காரன் பின்னால் வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினான். முகம் சிவந்திருந்தது.

“நிற்பாட்டு என்றால் நிற்பாட்ட வேண்டும்! இரண்டு தரம் சொன்னேன்!”

எனக்குக் கேட்கவில்லை. அவன் தலையில் இருந்தது வேறு சாமான். பற்றரி போட்டது. வெடியை அடைத்துவிட்டு ஆட்களின் கதையை மட்டும் உள்ளே விடும். ஆகவே அவனுக்கு எல்லாம் கேட்டது. தனக்குக் கேட்கிறது மற்றவர்களுக்கும் கேட்கிறது என்று அவன் நம்பினான். இப்படிப்பட்டவர்களை நான் கந்தோர்களிலும் பார்த்திருக்கிறேன், கோயில் கமிற்றியிலும் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்து இயர்மஃபைக் கழற்றினேன். உலகம் தண்ணீருக்குள் போயிருந்தது. அதற்கு மேலால் ஒரு கீச்சுச் சத்தம், நிற்காமல். மற்றப் பிள்ளைகள் வாயை அசைத்துச் சிரித்தார்கள். பட்டாளத்துக்காரனிடம் நேரே போனேன்.

“எனக்கு ஒரு காதுதான். அது இரைகிறது. ஏன்?”

அவன் இயர்மஃபை வாங்கித் திரும்ப என் தலையில் மாட்டினான். கோப்பையின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினான். தோடு இருந்த இடத்தில் நிறுத்தினான். கவுண்டரில் கிடந்த பென்சிலை எடுத்து அந்த இடைவெளிக்குள் விட்டான். பென்சில் அப்படியே என் காது வரைக்கும் போனது. இழுத்தபோது பஞ்சும் கூட வந்தது. அதை நுனியில் தூக்கிப் பார்த்தான்.

“இது என்ன?”

“பஞ்சு.”

“இதைப் பொம்மைக்குள் அடைப்பார்கள்,” என்று கத்திச் சொன்னான். கத்தினதால்தான் எனக்குக் கேட்டது. “காதுக்குள் இது ஒன்றையும் தடுக்காது. அடுத்த சனி தோட்டைக் கழற்றிவிட்டு வா.”

“கழற்ற ஏலாது.”

“அப்படியென்றால் வராதே.”

அவன் போய்விட்டான். சொன்னது சரி. ஆனால் சொல்ல வேண்டிய நேரம் காலை. கூடையைக் காட்டின நேரம்.

வீட்டுக்கு வந்தபோது மச்சாள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தா. எண்ணெய் கொதிக்கிறது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் இல்லை. மச்சாள் ஏதோ கேட்டா. ஓம் என்றேன். திரும்ப ஏதோ கேட்டா. அதற்கும் ஓம் என்றேன். தாச்சியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. அந்த நேரம் சுவரில் ரெலிபோன் அடித்திருக்கிறது. எனக்கு அதுவும் தெரியாது. மச்சாள் எடுத்து, ஒருதரம் முகத்தைச் சுழித்துக் காதிலிருந்து விலக்கிப் பிடித்து, பிறகு என்னிடம் நீட்டினா.

வாங்கி வலக்காதில் வைத்தேன். உள்ளே ஒரு குரல். கிணற்றுக்குள் யாரோ கதைக்கிற மாதிரி. ஆண்குரல். ரிசீவரைக் காதோடு அமத்தினேன்.

“ஆர்? ஆர் கதைக்கிறது? கொழும்போ?”

குரல் ஏதோ சொன்னது.

“கேக்கேல்லை! பலத்துக் கதையுங்கோ! எங்கை நிக்கிறியள்?”

மச்சாள் என் கையிலிருந்து ரிசீவரைப் பறித்தா. இரண்டு சொல் கதைத்து வைத்துவிட்டா. பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்று வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னா. பாதி சொண்டைப் பார்த்துத்தான் விளங்கினேன்.

“அது உம்மடை மட்டக்களப்பு அண்ணை. சூடு எப்பிடிப் போச்சுது எண்டு கேக்கிறார். அந்தாள் கதைக்கிறது எனக்கு அடுப்படி வரைக்கும் கேக்குது. உமக்குக் கேக்கேல்லையோ?”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த மனுசனின் குரலுக்கு ரிசீவரைத் தூரப் பிடித்துத்தான் எல்லோரும் கதைப்பார்கள். எனக்கு அது கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. என் கணவர் கொழும்பிலிருந்து எடுத்தால்? இவர் மெல்லக் கதைக்கிற ஆள். லைன் வேறு இரையும். அவர் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வார், நான் ஆர், ஆர் என்று கத்திக்கொண்டு நிற்பேன்.

அன்றைக்குத்தான் அண்ணையின் தொண்டையைப் பற்றியும் விளங்கியது. அவர் பிறப்பிலேயே அப்படிக் கதைத்தவர் இல்லை. பஞ்சு வைத்துச் சுட்டுச் சுட்டு, தன் குரல் தனக்கே கேட்காமல் போய்விட்டது. அவருடைய மனுசி அவரோடு வாயால் கதைப்பதைக் குறைத்துவிட்டுக் கையால் காட்டுகிறதை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து அவர்களுக்குள் கோபம் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த மாதிரி நாட்கள் ஒருவருக்கும் வரக்கூடாது. வேலைக்குப் போனேன், வந்தேன். விழித்த உடனே விரலைக் காதுக்குப் பக்கத்தில் உரசிப் பார்ப்பேன். கேட்கிறதா? குசினிப் பைப்பைச் சொட்டச் சொட்ட விட்டுவிட்டு ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போய்ப் பார்ப்பேன். மச்சாள் தண்ணீர்க் காசைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பா. ஒருவர் வந்து “எக்ஸ்கியூஸ் மீ” என்றால் சொண்டைப் பார்ப்பேன். கீச்சுச் சத்தம் முதலில் மெலிந்தது. பிறகு பைப்பின் சொட்டு வந்தது, மங்கலாக. பிறகு தெளிவாக. வியாழக்கிழமை பஸ்ஸுக்குள் பின்னுக்கு இருந்த இரண்டு பெட்டையள் இரகசியமாக யாரையோ திட்டுவது கேட்டது. எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நல்ல கெட்ட வார்த்தைகள்.

காது திரும்பி வந்துவிட்டது. இன்னொரு முறை வருமா என்று சொல்ல ஆளில்லை.

வெள்ளிக்கிழமை வேலையால் வரும்போது ஒரு பெரிய ஹாட்வெயார் கடைக்குப் போனேன். மரம் அறுக்கிறவர்களுக்கான பகுதியில் காதுக்கான சாமான்கள் தொங்கின. ஒவ்வொரு பக்கற்றிலும் எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று ஒரு இலக்கம். எல்லாரும் பெரிய இலக்கத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். அந்த இலக்கம் ஒழுங்காகப் பொருந்தின காதுக்குத்தான் என்று ஆகச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். பொருந்தாவிட்டால் அது வெறும் இலக்கம். மெல்லிய சுருட்டு மாதிரி விரலால் உருட்டிக் காதுக்குள் விட்டால் ஊதி அடைக்கிற மஞ்சள் ஸ்பொஞ்சு அடைப்பு வகை ஒன்று இருந்தது. அதில் சின்னக் காதுக்கென்று ஒரு அளவும் இருந்தது. அதை எடுத்தேன். புது மெத்தை உள்ள பருமனான இயர்மஃப் ஒன்றும் எடுத்தேன். உள்ளே அடைப்பு, வெளியே கோப்பை. இரண்டும் சேர்த்து.

வீட்டுக் குளியலறையில் போட்டுப் பார்த்தேன். அடைப்பு முதலில் வெளியே வந்து வந்து விழுந்தது. மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதை மேலுக்கும் பின்னுக்கும் இழுத்துப் பிடித்தால்தான் உள்ளே போகிறது. போன பிறகும் ஊதும் வரைக்கும் விரலால் பிடித்திருக்க வேண்டும். அது சரிவந்தது. கோப்பை சரிவரவில்லை. எப்படிப் போட்டாலும் தோட்டில் தட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். அதே இடைவெளி. பென்சில் போகும்.

குசினிக்குப் போய் மச்சாளிடம் சொன்னேன்.

“மச்சாள், தோட்டைக் கழட்டப் போறன்.”

அவ அரிசி கழுவிக்கொண்டிருந்தவ கையை எடுத்தா.

“உமக்கென்ன விசரோ?”

“நாளைக்கு மட்டும்.”

“நாளைக்கு மட்டுமோ? அவன் இப்ப எங்கை நிக்கிறான் எண்டு தெரியுமோ உமக்கு? கடலிலை நிக்கிறானோ, கரையிலை நிக்கிறானோ ஒண்டும் தெரியாது. இந்த நேரத்திலை தோட்டைக் கழட்டிறதாம்! ஆர் கழட்டிறவை எண்டு தெரியாதோ?”

தெரியும். நான் சாத்திரம் பார்க்கிறவள் இல்லை. ராகுகாலத்தில் பஸ் ஏறுவேன். ஆனால் ஒரு கிழமையாக அந்தச் சுரையில் என் விரல் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. மற்ற எந்தக் காலத்திலும் கழற்றி எறிந்திருப்பேன். அந்தக் கிழமை முடியவில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று நினைக்கிறேன்.

“அவர் போன் எடுத்தால் நான் எதாலை கேக்கிறது மச்சாள்? தோட்டாலையோ?”

“வாயை அடக்கும்.”

“நீங்கள் அண்டைக்குப் பாத்தனீங்கள்தானே? அந்த மனுசன் கத்தினதே எனக்குக் கேக்கேல்லை. நாளைக்கு இன்னொருக்கா அப்பிடி ஆனால் அது திரும்பி வராது. பிறகு உங்கடை தம்பி வந்து இறங்கினாலும் நான் அவரின்ரை சொண்டைப் பாத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்த வேணும்.”

“அப்ப அந்த வேலைக்குப் போகாதையும்!”

“போவன்.”

அவ அரிசித் தண்ணீரை ஊற்றினா. பானையை அடுப்பில் வைத்தா. நெருப்பைக் கூட்டினா, குறைத்தா. நான் மேசையில் இருந்து சுரையைத் திருகினேன். அசையவில்லை. கலியாணத்திலிருந்து கழற்றாத சுரை, ஊத்தை ஏறி இறுகிப்போயிருந்தது. திருகத் திருகச் சோணை சிவந்தது. ஆத்திரத்தில் இன்னும் பலமாகத் திருகினேன்.

“விடும். காதை அறுத்துப்போடுவீர்.”

மச்சாள் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றா. விரலில் எண்ணெய் தொட்டு, சுரையில் தடவி, மெல்ல மெல்ல அசைத்தா. என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தா. என் வலக்காது அவவின் வயிற்றுப் பக்கம் இல்லை, அதனால் கேட்டது. பிள்ளையாரைக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தா. சுரை கழன்றது. தோட்டை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டா.

நான் இடக்காதைத் திருப்பினேன்.

“அது எதுக்கு?” என்றா. “அந்தக் காது கேக்காதுதானே. அதிலை இடைவெளி இருந்தால் என்ன, இல்லாட்டில் என்ன? அது கிடக்கட்டும்.”

அதை நான் யோசிக்கவேயில்லை. செத்த காதுக்குத் தோடு இருக்கலாம். உயிருள்ள காதுக்குத்தான் கழற்ற வேண்டும்.

பிறகு ஒரு நூலை எடுத்து மஞ்சள்தூளில் தோய்த்து, வெறுமையான ஓட்டைக்குள்ளால் விட்டு, சின்ன முடிச்சுப் போட்டு வெட்டினா. “இது தட்டாதுதானே?” என்றா. இயர்மஃபைக் கொண்டுவந்து போட்டேன். விளிம்பு தோலோடு ஒட்டியது. குசினிச் சத்தம் நின்றுவிட்டது. மச்சாள் தன் கையாலேயே பென்சிலை எடுத்துச் சுற்றிவரக் குத்திப் பார்த்தா. எங்கும் போகவில்லை.

சனிக்கிழமை நேரத்தோடு போனேன். பட்டாளத்துக்காரன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு ஒரு காதைப் பார்த்தான், மற்றக் காதைப் பார்த்தான்.

“ஒன்றைத் துலைத்துவிட்டாய்.”

“இல்லை.”

அவன் தோளைக் குலுக்கினான். நான் விடவில்லை. “இரண்டு விஷயம்,” என்றேன். “ஒன்று, எனக்கு வலப்பக்கக் கடைசித் தடுப்பு வேணும். என் வலப்பக்கம் ஒருவரும் சுடக்கூடாது. இரண்டு, இதைப் போட்டால் நீ சொல்வது எனக்குக் கேட்காது. உன்னுடையதைத் தா.”

“என்னுடையதையா?”

“உனக்கு இரண்டு காது. எனக்கு ஒன்று. நல்லது உன் தலையில் இருக்கிறது.”

பின்னால் ஒரு பிள்ளை சிரித்தான். பட்டாளத்துக்காரன் சிரிக்கவில்லை. “தரமாட்டேன்,” என்றான். “உள்ளே ஆறு பேர் துவக்கோடு நிற்பார்கள். ஒருவன் ஏதாவது சொன்னால் எனக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாராவது சாவார்கள்.”

அது சரியான பதில். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் சரியான பதில்.

“உனக்குப் பின்னால் நான் நிற்பேன்,” என்றான். “தோளில் ஒரு தட்டு, சுடு. இரண்டு தட்டு, உடனே துவக்கை வை. சரியா?”

பின்னாலிருந்து யாரும் தொடுவது எனக்குப் பிடிக்காது. சரி என்றேன்.

அடைப்பை உருட்டி, தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோய்க் காதை இழுத்து, உள்ளே விட்டு, விரலால் பிடித்திருந்தேன். கோப்பையைப் போட்டேன். பாதுகாப்புக் கண்ணாடியின் காலை மெத்தைக்கு மேலால் வைத்தேன், கீழால் விட்டால் அங்கேயும் இடைவெளி வரும். தலைமயிரை விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்துவிட்டேன். பட்டாளத்துக்காரன் ஒருதரம் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினான். நூலில் விரல் நின்றது. பிறகு இரட்டைக் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. என் மூச்சும், விழுங்குகிற எச்சிலும் மட்டும். அது வேறுவிதமான பயம். பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, பக்கத்தில் யார் என்று தெரியாது. தோளை மட்டும் நம்பிக்கொண்டு நின்றேன். ஒரு தட்டு. சுட்டேன். வெடி தூரத்தில் யாரோ கதவைச் சாத்தின மாதிரி விழுந்தது. இரண்டு தட்டு. வைத்தேன். திரும்ப ஒரு தட்டு. இப்படியே போனது. குறி மட்டையில் ஓட்டை எங்கே விழுகிறது என்று கூட நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு காதைத்தான் கவனித்தேன். கம்பி இழுக்கிறதா? இல்லை. கீச்சிடுகிறதா? இல்லை.

முடிந்து வெளியே வந்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கவுண்டரில் விரலை உரசினேன். கேட்டது. கவுண்டருக்குப் பின்னால் குளிர்சாதனப்பெட்டி உறுமுவது கேட்டது. கடதாசியில் பேனை ஓடுவது கேட்டது. பட்டாளத்துக்காரன் “பாஸ்” என்றான். அதுவும் கேட்டது, ஆனால் அது நாலாவதாகத்தான்.

என்னைக் கூட்டிப்போக வந்த அண்ணையின் காரில் ஏறி, மிச்ச அடைப்புகளை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“பஞ்சை எறியுங்கோ அண்ணை. இதை வையுங்கோ.”

“என்ன?”

திரும்பச் சொன்னேன். இன்னும் பலமாகச் சொன்னேன். அவர் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இனி எதுக்குப் புள்ள,” என்றார். அந்த ஒன்றைத்தான் அவர் மெல்லச் சொல்லிக் கேட்டேன். பக்கற்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வேலையில் சேர்ந்தேன். நூல் காதிலேயே இருந்தது. தோடு மச்சாளின் சாமிப் படத்தடியில் ஒரு சிமிழுக்குள் இருந்தது. ஒவ்வொரு நாளும் வானொலியை மட்டும் போட்டு நிற்பாட்டிக்கொண்டிருந்தோம்.

போன் வந்தது ஒரு காலையில். நான் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பேஸ்மென்றிலிருந்து எனக்கு மணி கேட்டது. மச்சாள் எடுக்க முதல் நான் படியேறி எடுத்துவிட்டேன். லைன் கடல் மாதிரி இரைந்தது. அதற்குள் ஒரு குரல், மெல்ல.

“நான் கொழும்புக்கு வந்திட்டன்.”

மச்சாள் தோசைக் கரண்டியோடு எனக்கு முன்னால் நின்றா. “அவனோ? கேக்குதோ? உமக்குக் கேக்குதோ?” என்று கேட்டுக்கொண்டே நின்றா. கையைக் காட்டி நிற்பாட்டினேன்.

“கேக்குதோ?” என்றார் அவரும்.

“ஓம்,” என்றேன். “கத்தாதையுங்கோ. கேக்குது.”

அவர் கத்தவேயில்லை. அவருக்குப் பின்னால் போன் கடைக்காரன், “அண்ணை, நேரம் முடியப் போகுது” என்று சொன்னது கூட எனக்குக் கேட்டது.